மன்னிக்கும் உரிமை யாருடையது?

கொலைக்கு மரண தண்டனை தகுமா என்பதே இன்று பெரிதும் எழுப்பப்படும் வினா. நமது நாட்டின் சட்ட வரலாற்றை ஆராய்வோர்க்கு அதனினும் பழைய வினா ஒன்று எதிர்ப்படும்: கொலையாளியை மன்னிக்கும் உரிமை யாருடையது?

கிஸாஸை விதியாக்கிய திருமறை வசனம் (2:178) மன்னிப்பின் வாயிலையும் அங்கேயே திறந்து வைக்கிறது. கொல்லப்பட்டவரின் வாரிசுகள் உயிருக்கு உயிர் கோரலாம். தியத் எனும் ஈட்டுத்தொகை பெறலாம். ஏதும் பெறாமலே மன்னிக்கலாம். 1772இல் வாரன் ஹேஸ்டிங்ஸ் வங்காளத்து நீதிமன்றங்களைச் சீரமைத்த பின்னரும், முஃப்திகளின் ஃபத்வாவைப் பெற்றே குற்றவியல் தீர்ப்புகள் வழங்கப்பட்டன.

1790இல் கார்ன்வாலிஸ் இரு மாற்றங்களைச் செய்தார். கொலையின் வகையை அறிய, பயன்பட்ட கருவியை நோக்கினார்கள் இமாம் அபூஹனீஃபா (ரஹ்). அவர்களின் மாணவர்களான அபூயூசுஃப், முஹம்மத் (ரஹ்) இருவரின் மாற்றுக் கருத்தைச் சார்ந்து, கொலையாளியின் எண்ணமே அளவுகோலாக்கப்பட்டது. அடுத்து, வாரிசுகளின் மன்னிப்பு தண்டனையைத் தடுக்காது என்றாயிற்று. கொலை பொது அமைதிக்கும் எதிரான குற்றம் என்பது ஆட்சியாளரின் வாதம். ஏழை வாரிசுகளை அச்சுறுத்தியோ ஆசை காட்டியோ மன்னிப்பு பெறக்கூடும் என்பதால், அவ்வாதத்தை நாம் முற்றிலும் ஒதுக்கிவிட இயலாது. ஆனால், இழந்தவர் கையிலிருந்து அரசின் கைக்கு மாறிய கருணை நேர்மையாகப் பகிரப்பட்டதா?

1862இல் நடைமுறைக்கு வந்த இந்தியத் தண்டனைச் சட்டத்தில் வாரிசுகளின் மன்னிப்புக்கு இடமில்லை. கொலைக்குத் தூக்குத் தண்டனை விதிக்காத நீதிபதியே காரணம் எழுத வேண்டும் என்ற விதி 1955ஆம் ஆண்டின் திருத்தத்தால் நீங்கியது. 1973ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டமோ, மரணம் விதிப்பவரே சிறப்புக் காரணம் கூற வேண்டும் என்று நிலையைத் தலைகீழாக்கியது. 1980இல் பச்சன் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம், 'அரிதினும் அரிதான' வழக்குகளுக்கே அத்தண்டனை என வரையறுத்தது. ஐவருள் நீதிபதி பகவதி மட்டும் மாறுபட்டார். தண்டனை நீதிபதிகளின் மனப்போக்கைச் சார்ந்து அமைகிறது, அதன் சுமை ஏழைகள் மீதே விழுகிறது என்பது அவர் கருத்து.

அக்கருத்துக்குச் சான்றுபோல் அமைந்தது 1982இல் வந்த ஹர்பன்ஸ் சிங் வழக்கு. ஒரே கொலை வழக்கில் சமமான பங்குடைய மூவர்க்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. மூவரும் தனித்தனியே உச்ச நீதிமன்றத்தை நாடினர். ஒருவர் 1981இல் தூக்கிலிடப்பட்டார். ஒருவரின் தண்டனை ஆயுள் சிறையாகக் குறைக்கப்பட்டது. மூன்றாமவரின் தண்டனையைக் குறைக்குமாறு நீதிமன்றமே குடியரசுத் தலைவருக்குப் பரிந்துரைத்தது. குற்றம் ஒன்று, பங்கும் ஒன்று. முடிவு மட்டும் வேறு.

2024 ஜூலை முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவிலும் மரண தண்டனை நீடிக்கிறது. வாரிசின் கையிலாயினும் அரசின் கையிலாயினும், மன்னிப்பு வலியோர்க்கு எளிதாகவும் எளியோர்க்கு அரிதாகவும் அமையுமாயின் அது நீதியாகாது. ஐயம் எழுமிடத்தில் தண்டனையைத் தவிர்த்த ஃபுகஹாக்களின் எச்சரிக்கை, போன உயிரை எந்தத் தீர்ப்பும் மீட்காது என்ற அச்சத்தில் பிறந்தது. அவ்வச்சம் இன்றைய நீதிமன்றங்களுக்கும் வேண்டும்; கிஸாஸைப் பேசும் நமக்கும் வேண்டும்.