ஒரு சிந்தி, இரண்டு லிபிகள்

சிந்து மாகாணத்து முஸ்லிம் வீட்டிலும் சரி, மும்பையை அடுத்த உல்லாஸ்நகரில் குடியேறிய சிந்தி இந்து வீட்டிலும் சரி, வெங்காயம் 'பஸர்', பூண்டு 'தூம்'. இரண்டும் அரபியிலிருந்து வந்தவை. 8ஆம் நூற்றாண்டிலேயே அரபு ஆட்சி கால்கொண்ட மண்ணில் இப்படிப்பட்ட இரவல் சொற்கள் சமயம் பாராமல் அடுக்களைவரை புகுந்துவிட்டன. 1947 பிரிவினைக்குப் பிறகு இரு நாட்டுச் சிந்தியும் விலகத் தொடங்கியது புதிதாகக் கடன் வாங்கிய சொற்களால்.

சிந்துவின் நாளிதழில் முதலமைச்சர் 'வடோ வஜீர்'. இந்தியாவில் அவர் 'முக்கிய மந்திரி'. இதில் லிபிக்கும் பங்குண்டு. 1853இல் ஆங்கிலேயர் வரையறுத்த அரபு லிபியில் 52 எழுத்துகள்; 'ஸ' ஒலிக்கு மட்டுமே மூன்று. அரபிச் சொல் எது என்பதை எழுத்துக்கூட்டலே காட்டிக்கொடுக்கும். இந்தியாவில் சிந்திக்குப் பயன்படும் மற்றொரு லிபியான தேவநாகரியில் அந்த அடையாளம் மறைந்துவிடுகிறது. அங்கே இந்திச் சொல் எளிதில் வந்து ஒட்டிக்கொள்கிறது. இந்தியாவிலும் மூத்த எழுத்தாளர் பலர் அரபு லிபியை விடாமல் பிடித்திருந்தார்கள்.

பாரசீகம் மிகுந்ததா, சம்ஸ்கிருதம் மிகுந்ததா என்ற சண்டை எனக்குப் பெரிதாகப் படவில்லை. ஒலி போவதுதான் கவலை. மூச்சை உள்வாங்கி ஒலிக்கும் நான்கு மெய்கள் சிந்தியின் சிறப்பு. 'பார்' என்பதன் முதலெழுத்தை அப்படி ஒலித்தால் குழந்தை; இந்தியில் வரும் சாதாரண 'ப' போல ஒலித்தால் சுமை. தேவநாகரியில் இந்த நான்குக்கும் எழுத்தின் கீழே ஒரு கோடு போடுகிறார்கள். ஆனால் இந்தி, மராத்தி நடுவே வளரும் இளையோர் பலரின் நாவில் இரண்டும் ஒன்றாகிவிட்டன.

ஒலி மாறுவதெல்லாம் சிதைவு என்று சொல்லமாட்டேன். சிந்துவின் தென்பகுதி லாடி வழக்கிலும் மூச்சை வெளித்தள்ளி ஒலிக்கும் மெய்கள் பல தளர்ந்துவிட்டன. நடுப்பகுதியின் விச்சோலிதான் எழுத்துநடைக்கு அடிப்படை. ஆனால் லாடிக்குத் தெருவும் சந்தையும் இருக்கின்றன. 1972இல் மொழிக் கலவரத்தின் நடுவே சிந்தி மாகாண ஆட்சிமொழியும் ஆயிற்று. இந்தியாவில் 1967இல் அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையில் இடம் கிடைத்ததே தவிர, சிந்திக்கென்று ஒரு மாநிலம் இல்லை. ஆகவே இங்குள்ள வகுப்புகளில் கோடு போட்ட எழுத்தைக் கற்பிப்பதோடு நிறுத்தாமல், சிந்துவின் செய்திகளையும் பாட்டுகளையும் இணையத்திலிருந்து எடுத்துப் பிள்ளைகளைக் கேட்கச் செய்ய வேண்டும்.