நோயாளி தோற்ற வழக்கில் பிறந்த விதி

1954 ஆகஸ்ட் 23. லண்டனின் வடபகுதியில் ஃப்ரையர்ன் மனநல மருத்துவமனை. மனச்சோர்வுக்காகத் தானே விரும்பி வந்து சேர்ந்திருந்த ஜான் ஹெக்டர் போலம் என்பவரைக் கட்டிலில் படுக்க வைக்கிறார்கள். நம்மூரில் ‘ஷாக் ட்ரீட்மென்ட்’, ‘கரண்டு வைப்பது’ என்று சொல்கிற சிகிச்சை. நாக்கைக் கடித்துக்கொள்ளாமல் இருக்கப் பற்களுக்கு நடுவே ஓர் அடைப்பு. மோவாயைப் பிடித்துக்கொள்ள ஓர் ஆள். உருண்டு விழாமல் பார்த்துக்கொள்ள இரு பக்கமும் செவிலியர். மின்சாரம் பாய்ந்ததும் உடம்பு வெட்டி இழுத்தது. அந்த இழுப்பின் வேகத்தில் இரண்டு தொடை எலும்புகளின் பந்து முனைகளும் இடுப்புக் குழிகளை உடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டன.

மருத்துவர் செய்தது அலட்சியமா இல்லையா என்று இந்திய நீதிமன்றங்கள் இன்று எந்த அளவுகோலை வைத்துப் பார்க்கின்றனவோ, அது பிறந்தது இந்த மனிதரின் உடைந்த இடுப்பிலிருந்துதான்.

போலம் வழக்குத் தொடுத்தார். அவர் சொன்ன குறைகள் மூன்று. தசைகளைத் தளர்த்தும் மருந்தை முன்கூட்டியே கொடுக்கவில்லை. கொடுக்காதபோது கை கால்களை அழுத்திப் பிடித்திருக்க வேண்டும்; அதையும் செய்யவில்லை. எலும்பு முறியக்கூடும் என்று ஒரு வார்த்தை எச்சரிக்கவும் இல்லை.

1957 பிப்ரவரியில் நீதிபதி மெக்நேர் முன்னிலையில் ஜூரி விசாரணை நடந்தது. சாட்சிக் கூண்டில் ஏறிய மருத்துவர்கள் ஒரே குரலில் பேசவில்லை. தசை தளர்த்தும் மருந்து அவசியம் என்றார்கள் சிலர். அந்த மருந்தே உயிருக்கு ஆபத்தாகலாம், தேவைப்படுகிறவர்களுக்கு மட்டும் போதும் என்றார்கள் வேறு சிலர். அழுத்திப் பிடித்தால்தான் எலும்பு முறியும் வாய்ப்பு கூடும் என்ற கருத்தும் இருந்தது. எச்சரிக்கை பற்றிக் கேட்டபோது, நோயாளி கேட்டால் சொல்வோம், கேட்காவிட்டால் சொல்வதில்லை என்ற பதில் வந்தது. போலம் தரப்பு நிபுணரே, தன் கருத்துக்கு எதிர்க்கருத்து கொண்ட தேர்ந்த மருத்துவர்கள் உண்டு என்று ஒப்புக்கொண்டார்.

ஜூரியில் இருந்தவர்கள் சாதாரணக் குடிமக்கள். மருத்துவர்களே இரண்டுபட்டு நிற்கும் விஷயத்தில் அவர்கள் எப்படி முடிவு செய்வார்கள்? மெக்நேர் அவர்களுக்கு வழி சொன்னார். பொறுப்புள்ள மருத்துவர்களில் ஒரு சாரார் சரியென்று ஏற்றுக்கொண்ட முறைப்படி ஒருவர் சிகிச்சை செய்திருந்தால் அது அலட்சியம் ஆகாது; மறுசாரார் அதை ஏற்கவில்லை என்பதே அவரைக் குற்றவாளி ஆக்கிவிடாது. இந்தச் சிந்தனை முழுக்க அவருடையதும் இல்லை. பென்சிலின் ஊசி போடும்போது ஊசி முறிந்து உடம்புக்குள் சிக்கிய ஸ்காட்லாந்து வழக்கொன்றில், 1955-ல் நீதிபதி க்ளைடு வகுத்த வழியை ஒட்டியே அவர் பேசினார். ஜூரி மருத்துவமனையின் பக்கம் தீர்ப்புச் சொன்னது. போலத்துக்கு ஒரு பென்னிகூடக் கிடைக்கவில்லை. விதிக்கு மட்டும் அவர் பெயர் நிலைத்துவிட்டது.

அந்த விதியில் நியாயம் உண்டு. உயிர் பிழைக்காத ஒவ்வொரு நோயாளிக்கும் மருத்துவரைக் குற்றவாளியாக்கினால், கடினமான நோயைத் தொட யாரும் துணிய மாட்டார்கள். ஆனால் ‘ஏற்றுக்கொண்ட முறை’ என்பது அன்றைக்கு அந்தத் தொழிலில் இருந்தவர்கள் நம்பியதை மட்டுமே காட்டும். 1957-ல் குற்றமில்லை என்று ஜூரி விட்டுவிட்ட அதே காரியத்தை, மயக்க மருந்தும் தசை தளர்த்தும் மருந்தும் இல்லாமல் மின்னதிர்ச்சி கொடுப்பதை, இந்தியாவின் 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் அடியோடு தடை செய்திருக்கிறது.

எனக்குப் பெரிய குறையாகத் தெரிவது இன்னொன்று. போலத்தின் புகார்களில் முதல் இரண்டும் சிகிச்சையின் நுட்பம் சார்ந்தவை. மருத்துவர்கள்தான் அதைச் சொல்ல முடியும். மூன்றாவது வேறு ஜாதி. என் உடம்புக்கு என்ன ஆகலாம் என்று எனக்குச் சொல்ல வேண்டுமா என்ற கேள்விக்கு மருத்துவக் கல்லூரியில் படித்திருக்க வேண்டியதில்லை. மெக்நேர் மூன்றையும் ஒரே தராசில் போட்டார். 1985-ல், முதுகெலும்பு அறுவையின் ஆபத்தைச் சொல்லாமல் விட்ட சைடவே வழக்கில், பிரிட்டனின் பிரபுக்கள் சபையிலும் அந்தத் தராசே நின்றது. நீதிபதி ஸ்கார்மன் மட்டும் நோயாளியின் உரிமையிலிருந்து பார்க்க வேண்டும் என்று தனித்து எழுதினார். 1997-ல் பொலித்தோ வழக்கு ஒரு கடிவாளம் போட்டது: நிபுணர்கள் சொல்வது தர்க்கத்துக்கு நிற்க வேண்டும், இல்லாவிட்டால் நீதிமன்றம் தள்ளலாம்.

சொல்ல வேண்டுமா என்ற கேள்விக்குப் பதில் 2015 மார்ச்சில்தான் வந்தது, மாண்ட்கோமரி வழக்கில். வழக்குத் தொடுத்த மாண்ட்கோமரி ஸ்காட்லாந்துப் பெண். சிறிய உடல்வாகு, சர்க்கரை நோய். அத்தகைய தாய்மாருக்குப் பிரசவத்தில் குழந்தையின் தோள் சிக்கிக்கொள்ளும் வாய்ப்பு 100-க்கு 9 அல்லது 10. குழந்தை பெரிதாக இருக்கிறதே, சுகப்பிரசவம் ஆகுமா என்று அவர் கவலைப்பட்டார். மருத்துவர் இந்த ஆபத்தைச் சொல்லவில்லை. சொன்னால் எல்லோரும் சிசேரியன் கேட்பார்கள் என்பது காரணம். 1999-ல் தோள் சிக்கியது. மூச்சுத்திணறலில் மூளை பாதிக்கப்பட்டுக் குழந்தை பிறந்தது. பிரிட்டன் உச்ச நீதிமன்றம் 52.5 லட்சம் பவுண்டு இழப்பீடு கொடுக்கச் சொன்னதோடு, நோயாளியின் இடத்தில் இருக்கும் ஒருவர் முக்கியமாகக் கருதக்கூடிய ஆபத்தை அவரிடம் சொல்லியே ஆக வேண்டும் என்றது. எச்சரிக்கை விஷயத்தில் போலம் விதி அங்கே முடிந்தது. 58 ஆண்டுகள்.

இந்தியாவில் கதை வேறு. நோயாளி ‘நுகர்வோர்’ ஆக முடியாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 1994-ல் சொன்னது; வி.பி. சாந்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் 1995 நவம்பரில் அதை மாற்றியது. கட்டணம் வாங்கும் மருத்துவர் நுகர்வோர் மன்றத்தில் பதில் சொல்ல வேண்டியதாயிற்று, அளவுகோல் போலம்தான். 1998-ல், செவிலியர் போட்ட தவறான ஊசியால் மூளை பாதிக்கப்பட்ட குழந்தையின் வழக்கில், மருத்துவமனையே பொறுப்பு என்றதோடு பெற்றோரும் இழப்பீடு கேட்கலாம் என்றது நீதிமன்றம். 2005-ல் ஜேக்கப் மேத்யூ வழக்கு. பஞ்சாபில் மூச்சுத்திணறிய முதியவருக்குக் கொண்டுவந்த ஆக்சிஜன் சிலிண்டர் காலி. மருத்துவர்கள் மீதான கிரிமினல் வழக்கை ரத்து செய்த நீதிமன்றம், சிறைக்கு அனுப்ப வேண்டுமானால் அலட்சியம் மிகக் கடுமையானதாக இருக்க வேண்டும், வேறொரு மருத்துவரின் கருத்தில்லாமல் வழக்கு நகரக் கூடாது, எடுத்த எடுப்பில் கைது கூடாது என்றது. போலம் விதி இந்தியாவுக்குப் பொருந்தும் என்றும் உறுதி செய்தது.

அந்த விதிக்குள்ளேயே நியாயம் கிடைத்த வழக்கும் உண்டு. 1996-ல் சென்னை எழும்பூர் அரசு மருத்துவமனையில் 29-ஆம் வாரத்தில் 1,250 கிராம் எடையில் ஒரு பெண் குழந்தை பிறந்தது. குறைமாதக் குழந்தையின் விழித்திரையைச் சில வாரங்களுக்குள் பரிசோதிக்க வேண்டும். காலம் கடந்தால் பார்வை போய்விடும். பரிசோதனை நடக்கவில்லை. செய்ய வேண்டும் என்று பெற்றோருக்குச் சொல்லப்படவும் இல்லை. பார்வை போனது. 2015 ஜூலையில் உச்ச நீதிமன்றம் சுமார் 1 கோடியே 80 லட்சம் ரூபாய் இழப்பீடு கொடுக்கச் சொன்னபோது அந்தப் பெண்ணுக்கு வயது 18.

இவ்வளவுக்கும் பிறகு, 2008-ன் ஒரு தீர்ப்பு என்னை உறுத்துகிறது. பரிசோதனைக்காக மயக்கத்தில் கிடந்த பெண்ணின் கருப்பையையும் சினைப்பைகளையும், வெளியே காத்திருந்த தாயிடம் ஒப்புதல் வாங்கி எடுத்துவிட்டார்கள். அது தவறு என்று உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது. இழப்பீடு 25,000 ரூபாய். ஆனால் எவ்வளவு சொன்னால் போதும் என்பதை மட்டும் மருத்துவர்களின் வழக்கத்துக்கே விட்டது. சிகிச்சைக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் ஏழைகள், எழுத்தறிவில்லாதவர்கள் என்பதையும் ஒரு காரணமாகச் சொன்னது. எனக்கு இது தலைகீழாகப் படுகிறது. படித்தவர் இன்னொரு மருத்துவரிடம் போய்க் கேட்டுக்கொள்வார். நகையை அடகு வைத்துவிட்டு வந்து நிற்கிறவருக்கு எதிரே இருக்கும் மருத்துவரைத் தவிர யார் சொல்வார்கள்? எழுத்துக் கூட்டத் தெரியாதவருக்கும் ‘கால் விளங்காமல் போகலாம்’ என்று தமிழில் சொன்னால் புரியும். ஆங்கிலப் படிவத்தில் பெருக்கல் குறி போட்ட இடத்தில் கையெழுத்து வாங்குவதை ஒப்புதல் என்று சட்டம் இனியும் ஏற்கக் கூடாது. நோயாளியின் மொழியில் என்ன சொன்னார்கள், அவர் என்ன கேட்டார் என்பதும் மருத்துவக் கோப்பில் எழுதப்பட வேண்டும்.