வீட்டு ஒட்டடைச் சிலந்திகளை அடையாளம் காணுதல்

பூம்புகார், சீர்காழி வட்டாரத்தில் கூரை மூலை, மாட்டுக் கொட்டகை, விறகுக் குவியல் என எங்கும் சிலந்திகள் (எட்டுக்கால் பூச்சிகள்) வலை கட்டுவது இயல்பு. இவற்றின் நஞ்சு சிறு பூச்சிகளைச் செயலிழக்கச் செய்வதற்கானது; மனிதருக்குப் பெரும் தீங்கு நேர்வது மிக அரிது. ஆனால் உடலில் தோன்றும் தடிப்பையோ புண்ணையோ "சிலந்திக் கடி" என்று தாமே முடிவு செய்து காலம் தாழ்த்துவது உயிருக்கே ஆபத்தாகக் கூடும்.

எவ்வாறு அடையாளம் காண்பது?

நூல் போன்ற நீண்ட கால்களுடன் கூரையில் தலைகீழாகத் தொங்குவது நெட்டைக்கால் சிலந்தி. வலையைத் தொட்டால் உடலை வேகமாக அதிரச் செய்யும். பெண் சிலந்தி தன் முட்டைகளை வாயில் கவ்வியிருக்கும். கொசுவையும் உண்ணும் இது தீங்கற்றது.

சன்னலோரத்திலும் மேசைக்கு அடியிலும் ஒழுங்கற்ற, சிக்கலான வலையில் இருப்பது பட்டாணி போல உருண்ட வயிறுடைய சிறிய சிலந்தி. பெரும்பாலும் பழுப்பு அல்லது செம்பழுப்பு நிறமுடையது. நசுக்கப்பட்டாலன்றிக் கடிப்பதில்லை.

இதே குடும்பத்தைச் சேர்ந்த பழுப்பு விதவைச் சிலந்தியிடம் மட்டும் கவனம் தேவை. கவிழ்த்த பூந்தொட்டி, பயன்படுத்தாத நாற்காலியின் அடிப்புறம் போன்ற இடங்களில் மறைந்திருக்கும். வயிற்றின் அடியில் உடுக்கை வடிவில் செம்மஞ்சள் குறி காணப்படும். அதைத் தேடிச் சிலந்தியைப் புரட்டிப் பார்க்க வேண்டாம். நெருஞ்சிக் காய் போல முட்கள் கொண்ட முட்டைப் பையே போதிய அடையாளம். இது கடித்தால் பெரும்பாலும் கடித்த இடத்தில் வலியே இருக்கும். தசைப்பிடிப்பு, வயிற்று வலி, மிகுந்த வியர்வை தோன்றினால் மருத்துவமனைக்குச் செல்லவும்.

சுவரில் விரையும் பெரிய தட்டைச் சிலந்தி வலை கட்டுவதில்லை. கரப்பான் பூச்சிகளை உண்ணும். வயல் சிலந்திகள் புகையானை உண்பவை.

சிலந்திக் கடியெனத் தவறாகக் கருதப்படுபவை

முதன்மையானது கட்டுவிரியன் கடி. இப்பாம்பு இரவில், தரையில் உறங்குவோரைக் கடிக்கும். வலியோ வீக்கமோ பெரும்பாலும் இராது. பல் தடமும் தெரியாமல் போகலாம். விடியற்காலையில் வயிற்று வலி, கண் இமை தொங்குதல், விழுங்கவோ பேசவோ இயலாமை, மூச்சுத் திணறல் ஆகியவற்றில் ஒன்று தோன்றினாலும் கடித்தது எது என்று ஆராய்ந்து கொண்டிருக்க வேண்டாம். உடனே 108 ஆம்புலன்சை அழைக்கவும். பாம்புக்கடி நச்சு முறிவு மருந்து அரசு மருத்துவமனைகளில் கட்டணமின்றி அளிக்கப்படுகிறது.

மழைக்குப் பின் விளக்கொளியை நாடி வயலிலிருந்து வரும், எறும்பு போன்ற கருப்பும் செம்மஞ்சளுமான சிறு வண்டு தோலில் நசுங்கினால், மறுநாள் கோடு போலக் கொப்புளங்கள் எழும். சிலந்தி ஊர்ந்ததால் வந்தது என்று பலர் எண்ணுவர். வண்டை நசுக்காமல் ஊதி விடவும். பட்ட இடத்தைச் சோப்பால் கழுவவும்.

காய்ச்சலுடன் அக்குள், தொடையிடுக்கு போன்ற இடங்களில் வலியற்ற கரும்புண் இருந்தால் அது ஸ்க்ரப் டைபஸ் காய்ச்சலாக இருக்கலாம். இது நுண்ணிய உண்ணியின் இளம்பருவப் பூச்சியால் பரவுவது. டாக்சிசைக்ளின் மாத்திரையால் குணமாகும். தாமதித்தால் உறுப்புகள் பாதிக்கப்படும். மருத்துவரிடம் அந்தப் புண்ணைத் தயங்காமல் காட்டவும்.

கட்டியையும் "சிலந்தி" என்று அழைக்கும் பழைய வழக்கம் உண்டு. சிவந்து பரவும் கட்டி உள்ளவர்கள், குறிப்பாக நீரிழிவு நோயாளிகள், சர்க்கரை அளவைப் பரிசோதித்துக்கொள்ள வேண்டும்.

கடித்தால் செய்ய வேண்டியவை

கடித்த இடத்தைச் சோப்பு நீரால் கழுவி, துணியில் சுற்றிய பனிக்கட்டியால் ஒற்றடம் கொடுக்கவும். சுண்ணாம்பு, புகையிலை தடவுவதும் கீறி இரத்தம் எடுப்பதும் கூடாது. முடிந்தால் பூச்சியைப் படம் எடுத்து வரவும்; அதைப் பிடிக்க முயல வேண்டாம். சிறு குழந்தைகளையும் கர்ப்பிணிகளையும் அறிகுறி லேசாக இருப்பினும் அழைத்து வரவும்.

போகிக்கு ஒட்டடை அடிக்கும்போது முகத்தைத் துணியால் மூடிக்கொள்ளவும். சிலந்திக்காகச் சமையலறையில் பூச்சிக்கொல்லி தெளிக்க வேண்டியதில்லை. விறகு, தென்னை மட்டை அள்ளும்போது கையுறை அணியவும். இரவில் கட்டிலில், கொசுவலையின் ஓரங்களைப் பாயின் அடியில் செருகி உறங்கவும். மருத்துவ ஆலோசனைக்கு 104 என்ற எண்ணை அழைக்கலாம்.