படுகளமும் துப்பாக்கியும்: தமிழ்த் திரையில் பழிதீர்க்கும் பெண்

பழிவாங்கும் பெண்ணை நாயகியாகக் கொண்ட சண்டைப்படம் வெளியிலிருந்து வந்த சரக்கு என்ற கருத்து பரவலாக உண்டு; குதிரை, சவுக்கு, முகமூடி, துப்பாக்கி ஆகிய புறத்தோற்றங்களைப் பொறுத்தவரை அது சரியே. ஆனால் அவளது வஞ்சினத்தை நியாயமென்று ஏற்கும் மனம் சினிமாவுக்கு முன்பே இங்கு இருந்தது என்பதற்கு, பழைய தென்னார்க்காடு மாவட்டத்தின் திரௌபதி அம்மன் திருவிழாக்களே போதிய சான்று.

இத்திருவிழாக்களில் பாரதப் பிரசங்கமும் இரவு முழுவதும் தெருக்கூத்தும் நடந்தபின், பாரதப்போரின் இறுதி நாளைக் குறிக்கும் படுகளம் என்னும் சடங்கு திறந்தவெளியில் நிகழ்கிறது. துரியோதனன் மல்லாந்து கிடப்பதுபோல் பேருருவம் ஒன்றைத் தரையில் மண்ணால் அமைத்து, வண்ணம் பூசி, தொடைப்பகுதியில் செந்நீரை மறைத்து வைக்கிறார்கள். வேடதாரிகள் அதைச் சுற்றிவந்து சண்டையிட, வீமன் தொடையைப் பிளந்ததும் வெளிப்படும் செந்நீரைத் தொட்டு, சூதாட்ட அவையில் அவிழ்ந்த கூந்தலைத் திரௌபதி முடிகிறாள்; தீமிதி அதன்பின் வருகிறது. கொல்பவன் வீமனே ஆயினும் பழி அவளுடையது என்பதில் அங்கே கூடிநிற்கும் எவருக்கும் ஐயமில்லை. எனினும் அவள் அம்மன் என்பதை மறந்துவிடக் கூடாது; தெய்வமாக இருப்பதால்தான் இரத்தம் அவளுக்கு அழுக்காவதில்லை.

மனிதப் பெண்ணின் கையில் ஆயுதம் தந்தவை 1930களின் ஸ்டண்ட் படங்கள், அதாவது கதையைவிடத் தாவுதல், சண்டை, துரத்தல் ஆகியவற்றை நம்பிய மலிவான சாகசப் படங்கள். ஆஸ்திரேலியாவில் பிறந்த நாடியா, வாடியா மூவிடோன் தயாரித்த ‘ஹன்டர்வாலி’யில் (1935) முகமூடியும் சவுக்குமாகத் தோன்றி இந்தியா முழுதும் புகழ்பெற, அதன் எதிரொலியாகக் கே. அமர்நாத் இயக்கத்தில் ‘மின்னல்கொடி’ (1937) தமிழில் வெளிவந்தது. அதில் கே. டி. ருக்மணி கொள்ளையன் ஒருவனின் பெயரை ஏற்று, கால்சட்டை அணிந்து குதிரையேறி, செல்வரிடம் பறித்து ஏழைகளுக்கு வழங்குகிறார்.

இந்தத் தொடக்கம் தொடரவில்லை. பழிதீர்ப்பவள் மீண்டும் கற்பின் வலிமையால் நகரை எரிக்கும் ‘கண்ணகி’யாகவோ (1942), இணையைக் கொன்றவர்களை ஒவ்வொருவராகத் தீர்க்கும் ‘நீயா?’ (1979) படத்து நாகமாகவோ மட்டுமே வர முடிந்தது. இதற்கிடையே தெலுங்கில் கே. எஸ். ஆர். தாஸ் இயக்கிய ‘ரவுடி ராணி’யில் (1970) விஜயலலிதா துப்பாக்கியுடன் பழிவாங்கினார். அவருடைய உறவினரான விஜயசாந்தி, ‘கர்த்தவ்யம்’ (1990) படத்தின் வழியாகத் தமிழ்நாட்டிலும் ‘வைஜெயந்தி ஐ.பி.எஸ்.’ ஆகப் பெரும் கூட்டத்தை ஈர்த்தார். ஆனால் தெய்வம் நின்ற இடத்தில் இப்போது காக்கிச்சட்டை நின்றது, அவ்வளவுதான்.

ஜப்பானியப் படமான ‘லேடி ஸ்னோபிளட்’ (1973), அதன் சாயலைப் பெற்ற டாரன்டினோவின் ‘கில் பில்’ (2003) ஆகியவற்றின் நாயகியருக்குப் பழிவாங்கத் தெய்வம், காக்கி போன்ற அனுமதிச்சீட்டு தேவைப்படவில்லை. ஒருத்தி பழிக்காகவே வளர்க்கப்பட்டவள், மற்றவள் கொலையையே தொழிலாகச் செய்தவள். தமிழில் அவர்களுக்கு மிக அருகில் வருவது அருண் மாதேஸ்வரனின் ‘சாணிக் காயிதம்’ (2022). அதில் கீர்த்தி சுரேஷ் ஏற்ற பொன்னி காவலராக இருந்தும், சட்டம் கைவிட்டபின் அண்ணன் முறையுள்ளவனுடன் சேர்ந்து தானே கொல்லப் புறப்படுகிறாள். அவளுக்கும்கூடப் பேரிழப்பு ஒன்றை முதலில் விரிவாகக் காட்டியபிறகே திரைக்கதை ஆயுதம் தருகிறது. இழப்பைச் சான்றாகக் காட்டாமல் கொலைத்தொழிலில் தேர்ந்தவளாகவே அறிமுகமாகும் நாயகி தமிழில் இன்றும் அரிது.