ஆப்பாயில், பாட்டுப்பெட்டி, டிப்ஸ்... அமெரிக்காவின் 'பழைய பாணி' ஓட்டலுக்குள் ஒரு ரவுண்டு!

கதவைத் தள்ளினால் கறுப்பு-வெள்ளை கட்டம் போட்ட தரை. நீளமான கவுண்ட்டர். அதன் முன்னால் சிவப்பு சீட் போட்ட சுழலும் ஸ்டூல்கள். சுவரெல்லாம் பளபள எவர்சில்வர் தகடு. மூலையில் கலர் கலராய் மின்னும் பாட்டுப்பெட்டி...

அமெரிக்காவில் இதற்குப் பெயர் 'ரெட்ரோ டைனர்'. 'டைனர்' என்றால் தெருமுனை ஓட்டல். 1950-களில் அது எப்படி இருந்ததோ அதே மாதிரி இன்றைக்கு ஜோடித்து வைத்திருந்தால் அது 'ரெட்ரோ டைனர்'.

நம்ம ஊர்ப் பிள்ளைகள் பலர் அங்கே படிக்கவும் வேலைக்கும் போயிருக்கிறார்கள். போனில் பேசும்போது "டைனர்ல சாப்பிட்டேன்" என்பார்கள். அங்கே போகிற வாடிக்கையாளருக்கு என்ன கிடைக்கிறது? பில்லுக்கு மேல் எவ்வளவு கொடுக்க வேண்டும்? அந்தப் பழைய காலம் எல்லாருக்கும் இனித்ததா? இதுபற்றிய விவரம் வருமாறு:-

உட்கார்ந்ததும் காபி

தனியாகப் போனால் கவுண்ட்டர் ஸ்டூல். குடும்பத்தோடு போனால் எதிரெதிரே சோபா போட்ட தடுப்பு மேஜை. உட்கார்ந்த உடனே சர்வர் காபி ஜாடியோடு வந்து விடுவார். ஒரு கப்புக்குத்தான் காசு. குடிக்கக் குடிக்க ஊற்றிக்கொண்டே இருப்பார்கள். 'போதும்' என்று சொல்கிற வரை வரும். டிகாஷன் காபி குடித்த நாக்குக்கு அது வெறும் கறுப்புத் தண்ணீர் மாதிரி இருக்கும், அது வேறு விஷயம்.

காலை டிபனை ராத்திரி 10 மணிக்குக் கேட்டாலும் பல டைனர்களில் கிடைக்கும். முட்டைதான் முக்கியம். "முட்டை எப்படி வேண்டும்?" என்று கேட்பார்கள். புதிதாகப் போனவர்கள் இந்த இடத்தில்தான் முழிப்பார்கள். 'சன்னி சைடு அப்' என்றால் நம்ம ஆப்பாயில். 'ஓவர் ஹார்டு' என்றால் புல்பாயில். 'ஸ்கிராம்பிள்டு' என்றால் பொடிமாஸ் மாதிரி கிளறியது. கூடவே டோஸ்ட், துருவிய உருளைக்கிழங்கு வறுவல்.

மில்க் ஷேக் ஆர்டர் செய்தால் கண்ணாடி டம்ளரில் ஊற்றியது போக, அடித்த எவர்சில்வர் டம்ளரையும் மீதியோடு பக்கத்தில் வைத்து விட்டுப் போவதுண்டு. ஒரு விலைக்கு ஒன்றரை டம்ளர்!

ஒரு எச்சரிக்கை. 'ஹாம்பர்கர்' என்றால் அங்கே மாட்டிறைச்சி. சாப்பிடாதவர்கள் கேட்டு வாங்க வேண்டும். இறைச்சி, முட்டை, உருளைக்கிழங்கு எல்லாம் பெரும்பாலும் ஒரே கல்லில்தான் வேகும்.

'கட்டுமரத்தில் ஆதாம் ஏவாள்'

நம்ம ஓட்டல்களில் "ரெண்டு சாதா, ஒண்ணு முறுகலா..." என்று சர்வர் உள்ளே குரல் கொடுப்பார் அல்லவா? டைனர்களிலும் இதற்கு ஒரு தனி பாஷை இருந்தது. வெந்நீரில் உடைத்து வேகவைத்த 2 முட்டையை டோஸ்ட் மேல் வைத்தால், அது 'கட்டுமரத்தில் ஆதாம் ஏவாள்'. அதையே கிளறித் தரச் சொன்னால், 'உடைத்துப் போடு'. ஒரு அயிட்டம் தீர்ந்து போனால் '86'. இதில் '86' மட்டும் இன்றைக்கும் அமெரிக்க ஓட்டல் சமையல்கட்டுகளில் புழக்கத்தில் இருக்கிறது. மற்றது ரெட்ரோ டைனர்களில் மெனு கார்டை அலங்கரிக்கிறது.

தொடக்கம் ஒரு பத்திரிகை ஆபீஸ் வாசல்

இந்த ஓட்டலின் கதை தொடங்கியதே ஒரு பத்திரிகை ஆபீஸ் வாசலில்தான் என்பது நம்மைப் போன்றவர்களுக்கு சந்தோஷமான செய்தி.

ரோட் ஐலண்டு மாநிலத்தில் உள்ள பிராவிடன்ஸ் நகரில் வால்டர் ஸ்காட் என்று ஒருவர். அச்சகத் தொழிலாளி. ராத்திரி ஷிப்ட் பார்க்கிறவர்களுக்கு கூடையில் சாண்ட்விச், காபி கொண்டு போய் விற்று வந்தார். சம்பளத்தை விட இதில் வரும்படி நல்லா இருந்தது. 1872-ம் ஆண்டு அச்சக வேலையை விட்டு விட்டு, குதிரை வண்டி ஒன்றை 'பிராவிடன்ஸ் ஜர்னல்' பத்திரிகை ஆபீஸ் வாசலில் நிறுத்தி வியாபாரத்தைத் தொடங்கினார். ராத்திரி 8 மணிக்கு மேல் மற்ற ஓட்டல்கள் மூடிக் கிடந்த காலம் அது. நம்ம ஊர் ராத்திரி தள்ளுவண்டி இட்லிக் கடை மாதிரிதான்.

வாடிக்கையாளர் வெயிலிலும் மழையிலும் நின்று சாப்பிட்டார்கள். 1880-களில்தான் உள்ளே ஏறி நின்று சாப்பிடும் வண்டி வந்தது. அதன்பிறகு தொழிற்சாலையிலேயே முழு ஓட்டலையும் கட்டி, ரெயிலிலும் லாரியிலும் ஏற்றி அனுப்பினார்கள். கொண்டு வந்து இறக்கி, தண்ணீர்-கரண்ட் இணைப்பு கொடுத்தால் கடை ரெடி! டைனர்கள் ஒடுக்கமாக, ரெயில் பெட்டி மாதிரி நீளமாக இருப்பதற்கு இதுதான் காரணம். 'பழைய ரெயில் பெட்டியை ஓட்டலாக்கி விட்டார்கள்' என்று அங்கேயே பலர் நினைக்கிறார்கள். ஒரு சில அப்படி உண்டு. பெரும்பாலானவை ஓட்டலாகவே பிறந்தவை.

ஆரம்பத்தில் எல்லாம் ஆண்கள் கூட்டம். 1920-களில் பெண்களையும் வரவழைக்க தடுப்பு மேஜை போட்டு, 'பெண்களுக்கு தனி இருக்கை உண்டு' என்று போர்டு வைத்தார்கள்.

அந்த ஸ்டூலில் யார் உட்கார்ந்தார்கள்?

ரெட்ரோ டைனர் சுவரில் பழைய சினிமா நடிகர் படம் மாட்டியிருக்கும். பழைய கார் படம் மாட்டியிருக்கும். ஆனால் 1950-களின் ஒரு முக்கியமான விஷயத்தைப் பெரும்பாலும் மாட்ட மாட்டார்கள். தென் மாநிலங்களில் கறுப்பின மக்கள் அந்த ஸ்டூலில் உட்கார முடியாது!

காசு கொடுத்தாலும் முடியாது. சில இடங்களில் பின்பக்க ஜன்னலில் பார்சல் மட்டும் கொடுப்பார்கள். வெளியூர் போகும் கறுப்பினக் குடும்பம் எங்கே சாப்பிடலாம், எங்கே தங்கலாம் என்பதற்கே தனி கையேடு போட வேண்டியிருந்தது. அதைப் போட்டவர் விக்டர் ஹ்யூகோ கிரீன் என்ற நியூயார்க் தபால்காரர். 1936-ம் ஆண்டு தொடங்கிய அந்த 'கிரீன் புக்' 30 ஆண்டுகள் வந்தது.

1960-ம் ஆண்டு பிப்ரவரி 1-ந்தேதி. வட கரோலினா மாநிலம் கிரீன்ஸ்பரோ நகரில் 'வுல்வொர்த்' கடை. உள்ளே சாப்பாட்டு கவுண்ட்டர் இருந்தது. எசல் பிளேர், பிராங்க்ளின் மெக்கெய்ன், ஜோசப் மெக்நீல், டேவிட் ரிச்மண்ட் என்ற 4 கறுப்பினக் கல்லூரி மாணவர்கள் வந்தார்கள். முதலில் அதே கடையில் சில்லறை சாமான் வாங்கினார்கள். காசை வாங்கிக்கொண்டார்கள். பிறகு கவுண்ட்டரில் உட்கார்ந்து காபி கேட்டார்கள். கிடையாது என்று சொல்லி விட்டார்கள். கடை மூடுகிற வரை எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்தார்கள்.

மறுநாள் இன்னும் பலர் வந்தார்கள். அப்படியே ஊர் ஊராகப் பரவியது. உட்கார்ந்தவர்கள் மேல் கெச்சப் ஊற்றினார்கள், சிகரெட்டால் சுட்டார்கள், அடித்தார்கள். மாணவர்கள் திருப்பி அடிக்கவில்லை. கிரீன்ஸ்பரோ கவுண்ட்டர் ஜூலை 25-ந்தேதி எல்லாருக்கும் திறந்து விடப்பட்டது. அன்று முதலில் பரிமாறப்பட்டவர்கள் அதே கடையில் வேலை பார்த்த கறுப்பின ஊழியர்கள் என்பது குறிப்பிடத்தக்கது. அத்தனை நாள் வேலை பார்த்த இடத்தில் அவர்களாலேயே உட்கார்ந்து சாப்பிட முடியவில்லை.

1964-ம் ஆண்டு சட்டம் வந்த பிறகுதான் நாடு முழுவதும் ஓட்டல்களில் இந்தப் பாகுபாடு தடை செய்யப்பட்டது. அப்போதும் அலபாமா மாநிலத்தில் ஒரு ஓட்டல்காரர் "பார்சல் தருவேன், உட்கார விட மாட்டேன்" என்று கோர்ட்டுக்குப் போனார். அதே ஆண்டு டிசம்பரில் சுப்ரீம் கோர்ட்டில் தோற்றார்.

இதைப் படிக்கும்போது நமக்கு இரட்டை டம்ளர் டீக்கடை ஞாபகம் வராமல் இருக்காது. நம்ம அரசியல் சட்டத்தில் 15-வது பிரிவு 1950-ம் ஆண்டிலேயே 'கடை, ஓட்டலில் சாதி பார்த்துத் தடுக்கக் கூடாது' என்று எழுதி வைத்து விட்டது. அதற்குப் பிறகும் டம்ளர் மாறாத ஊர்களைப் பற்றி நம்ம பத்திரிகைகளில் செய்தி வந்துகொண்டே இருந்தது.

சினிமா செய்த வேலை

வடக்கே, மேற்கே எல்லாம் சரியாக இருந்ததா என்றால், அதுவும் இல்லை. சான்பிரான்சிஸ்கோவில் 'மெல்ஸ் டிரைவ்-இன்' என்ற ஓட்டல் 1947-ம் ஆண்டு தொடங்கியது. காரில் இருந்தபடியே சாப்பிடலாம். கறுப்பினத்தவர் போய் சாப்பிடத் தடை இல்லை. ஆனால் வேலை என்று வந்தால் சமையல்கட்டு, கூட்டிப் பெருக்குவதுதான். பரிமாறவோ, கல்லாவிலோ அவர்களை வைப்பதில்லை. 1963-ம் ஆண்டு இதைக் கண்டித்து பெரிய போராட்டம் நடந்தது. உள்ளே போய் சீட்டுகளில் உட்கார்ந்து விட்டார்கள். 100-க்கும் மேற்பட்டோர் கைது. ஓட்டல் பங்குதாரர்களில் ஒருவரான ஹரால்டு டாப்ஸ் அப்போது மேயர் தேர்தலில் நின்றவர். தேர்தலில் தோற்றார். நிர்வாகம் இறங்கி வந்து ஒப்பந்தம் போட்டது.

இதில் வேடிக்கை என்னவென்றால், 10 வருடம் கழித்து 1973-ல் ஜார்ஜ் லூகாஸ் 'அமெரிக்கன் கிராபிட்டி' என்று ஒரு படம் எடுத்தார். கதை நடப்பது 1962-ல். சக்கர ஷூ போட்ட பெண்கள் காருக்கு காருக்கு சறுக்கிக்கொண்டே பரிமாறுவார்கள். படம் எடுத்தது அதே மெல்ஸ் ஓட்டலில்! படம் சக்கைப்போடு போட்டது. 'ஆகா, அந்தக் காலம்' என்று ஊரே உருகியது. ஆனால் அந்த ஓட்டல் கட்டிடத்தை 1976-ல் இடித்து விட்டார்கள். 1985-ல் நிறுவனர் மெல்லின் மகன் அதே பெயரில் மீண்டும் தொடங்கினார். அது பழைய ஓட்டல் அல்ல, பழைய ஓட்டலின் படத்தைப் பார்த்து ஏங்கியவர்களுக்கான ஓட்டல்.

இதற்கிடையில் மெக்டொனால்டு மாதிரி துரித உணவுக் கடைகள் வந்து உண்மையான பழைய டைனர்களில் பல காணாமல் போய் விட்டன. பழசு அழிந்தது, பழசு மாதிரி பெருகியது. 1986-ல் லாஸ் ஏஞ்சல்சில் ஒரு துணிக்கடைக்காரர் 20 ஸ்டூலோடு தொடங்கிய 'ஜானி ராக்கெட்ஸ்' பல நாடுகளுக்குப் பரவியது. மேஜை மேல் குட்டிப் பாட்டுப்பெட்டி. 5 சென்ட் காசு போட்டால் பாட்டு. பாட்டு வந்தால் ஊழியர்கள் வேலையை நிறுத்தி விட்டு ஆடுவார்கள்.

சிகாகோவில் 1984-ல் தொடங்கிய 'எட் டெபெவிக்ஸ்' இன்னும் ஒரு படி மேலே. அங்கே சர்வர் வேண்டுமென்றே வாடிக்கையாளரை நக்கல் அடிப்பார், முறைப்பார். திட்டு வாங்குவதற்காகவே காசு கொடுத்து கூட்டம் போனது! நம்ம ஊரில் சில கடைகளில் இது இலவசம்.

பாடுகிறவருக்கு சம்பளம் என்ன?

நியூயார்க்கில் 1987-ல் தொடங்கிய 'எலன்ஸ் ஸ்டார்டஸ்ட் டைனர்' பிரபலம். நாடக மேடை ஏறக் காத்திருக்கும் இளைஞர்கள்தான் சர்வர்கள். தட்டை வைத்து விட்டு மைக்கைப் பிடித்துப் பாடுவார்கள். நடுவில் ஒரு வாளி சுற்றி வரும். அதில் விழும் காசு அவர்களுடைய பாட்டு, நடன வகுப்புக்கு. வாடிக்கையாளருக்குக் கொண்டாட்டம். ஊழியர்களுக்கு? 2016-ல் சங்கம் ஆரம்பித்தார்கள். பலர் வேலையை விட்டு நீக்கப்பட்டனர். தொழிலாளர் வாரியம் வரை போய், 2017-ல் வேலைக்குத் திரும்ப வழி பிறந்தது.

டிப்ஸ் விவகாரம்தான் நம்ம ஆட்களுக்கு அங்கே குழப்பம் தருவது. அமெரிக்க மத்திய சட்டப்படி டிப்ஸ் வாங்கும் ஊழியருக்கு முதலாளி தர வேண்டிய ரொக்கக் கூலி மணிக்கு 2 டாலர் 13 சென்ட். 1991-ம் ஆண்டு வைத்த தொகை, இன்னும் மாறவில்லை! மற்ற தொழிலாளிக்குக் குறைந்தபட்சம் 7 டாலர் 25 சென்ட். அதுவும் 2009-ல் நிர்ணயித்தது. இடையில் உள்ள பள்ளத்தை வாடிக்கையாளரின் டிப்ஸ்தான் நிரப்புகிறது. நிரம்பவில்லை என்றால் முதலாளி ஈடுகட்ட வேண்டும் என்பது சட்டம். கலிபோர்னியா மாதிரி சில மாநிலங்களில் முழுக் கூலியும் முதலாளியே தர வேண்டும்.

ஆகவே பில் 20 டாலர் என்றால் 3 முதல் 4 டாலர் வரை டிப்ஸ் வைப்பது வழக்கம். நம்ம ஊர் மாதிரி சில்லறையைத் தட்டில் விட்டு வந்தால் அந்த ஊழியருக்கு அது கூலி வெட்டு. பெரும்பாலான மாநிலங்களில் மெனு விலைக்கு மேல் வரியும் சேரும். பணத்தைப் பல டைனர்களில் வாசல் பக்கம் கல்லாவில் கட்ட வேண்டும், டிப்ஸை மேஜையிலேயே வைத்து விட்டு வரலாம்.

அசலா, நகலா?

உண்மையான பழைய டைனரா, ஜோடித்த ரெட்ரோவா என்று கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. கட்டியனுப்பிய தொழிற்சாலையின் தகடு எங்காவது பதித்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மாசசூசெட்ஸ் மாநிலம் ஊஸ்டர் நகரில் 1906 முதல் 1957 வரை டைனர் கட்டிய கம்பெனி ஒவ்வொன்றுக்கும் நம்பர் போட்டது. முதல் வண்டி 200, கடைசி வண்டி 850. அந்தத் தொழிற்சாலைக்கு எதிரிலேயே இறக்கி வைத்த 'மிஸ் ஊஸ்டர்' டைனரின் நம்பர் 812, கட்டிய ஆண்டு 1948.

கிரீன்ஸ்பரோ வுல்வொர்த் கடை 2010-ம் ஆண்டு பிப்ரவரி 1-ந்தேதி அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டது. அந்தக் கவுண்ட்டரின் ஒரு பகுதியும் 4 ஸ்டூல்களும் வாஷிங்டன் அருங்காட்சியகத்துக்குக் கொண்டு போகப்பட்டன.