ஆர்தர் மன்னரான சுமைதூக்கி

சென்ற வாரம் பார்த்த குஸ்தாவ் டோரேயின் உலகில் கோட்டைகள் வானை முட்டின. காடுகள் இருண்டு கிடந்தன. டென்னிசனின் ஆர்தர் கவிதைகளுக்கு அவர் தந்த 36 சித்திரங்கள் பலவற்றில், பெரும் பாறைகளுக்கு நடுவே மாவீரர்களே சிறுத்துப்போனார்கள். சில ஆண்டுகள் கழித்து, அதே கவிதைகளைக் கேமராவால் சித்திரிக்க ஒரு பெண்மணி துணிந்தார். அவர் கோட்டைகளை விட்டுவிட்டு முகங்களைப் பிடித்துக்கொண்டார்.

ஜூலியா மார்கரெட் கேமரன் 1815-இல் கல்கத்தாவில் பிறந்தவர். இலங்கை வரலாற்றில் நாம் படிக்கும் கோல்புரூக்–கேமரன் ஆணைக்குழுவின் சார்லஸ் ஹே கேமரன்தான் அவருடைய கணவர். இலங்கை மலைநாட்டில் அவர்களுக்குக் காப்பித் தோட்டங்கள் இருந்தன. இங்கிலாந்தின் வைட் தீவில் குடியேறியபோது, வீட்டுக்குத் தோட்டத்தின் பெயரையே வைத்தார்கள். பக்கத்திலேயே அரசவைக் கவிஞர் டென்னிசனின் வீடு. 1863 டிசம்பரில் மகளும் மருமகனும் ஒரு கேமராவைப் பரிசளித்தபோது ஜூலியாவுக்கு வயது 48. கோழிக்கொட்டகைக்குக் கண்ணாடி பொருத்தி ஸ்டுடியோ ஆக்கினார். நிலக்கரி அறையை இருட்டறை ஆக்கினார்.

1874-இல், தம் நூலின் புதிய பதிப்புக்குப் படம் எடுத்துத் தருமாறு டென்னிசனே அவரைக் கேட்டார். அன்றைய கேமராவுக்கு இது லேசான வேலை அல்ல. கண்ணாடித் தகட்டில் கொலோடியன் கரைசலை ஊற்றி, வெள்ளி நைட்ரேட்டில் அமிழ்த்தி, ஈரம் காய்வதற்குள் படமெடுத்துக் கழுவியாக வேண்டும். எதிரே நிற்பவர் நிமிடக்கணக்கில் அசையாமல் நிற்க வேண்டும். கொஞ்சம் சிரித்தாலும் தகடு வீண். பன்னிரண்டு நல்ல படங்களுக்காக ஜூலியா இருநூறுக்கும் மேற்பட்ட தகடுகளைச் செலவிட்டார்.

வேடமிட ஆள் வேண்டுமே? ஊர்க்காரர்களையும் உறவினர்களையும் விருந்தாளிகளையும் பிடித்தார். யார்மத் படகுத்துறையில் மூட்டை சுமந்துகொண்டிருந்த வில்லியம் வார்டரின் முகத்தில் அவருக்கு ஆர்தர் தெரிந்தார். கவசமும் வாளுமாக நிற்கும் அந்தப் படத்தில் தாடியும் ஆழ்ந்த கண்களும்தான் முதலில் நம்மைப் பற்றிக்கொள்கின்றன. மந்திரவாதி மெர்லின் வேறு யாருமல்ல, வெண்தாடிக் கணவர் சார்லஸ்தான். விவியன் என்ற மாயக்காரி மெர்லினை மரப்பொந்தில் கட்டுண்டு கிடக்கச் செய்யும் காட்சியில் சார்லஸால் சிரிப்பை அடக்க முடியவில்லை. தகடுகள் ஒவ்வொன்றாகப் பாழாயின. கடைசியில் தேறிய படத்தில் விவியன் கையை நீட்டி மந்திரம் போட, கிழவர் அடங்கிப்போய்ச் சாய்ந்திருக்கிறார்.

ஆர்தரின் இறுதிப் பயணத்துக்குக் கடல் வேண்டும், நிலவு வேண்டும். ஸ்டுடியோவுக்குள் படகைக் கொண்டுவந்து, மெல்லிய துணியை அலையாக விரித்தார். நிலவை நெகட்டிவிலேயே கீறி உண்டாக்கினார். துணி துணியாகவே தெரிகிறது, மறுக்கவில்லை. ஆனால் மடிந்துகொண்டிருக்கும் மன்னரைச் சூழ்ந்திருக்கும் பெண்களின் துக்கம் உண்மையாக இருக்கிறது.

புத்தகம் வந்ததும் ஜூலியா நொந்துபோனார். புகைப்படத்தை எழுத்தோடு சேர்த்து அச்சிடும் வசதி அன்று பதிப்பகங்களுக்கு இல்லை. படத்தைப் பார்த்து ஒருவர் மரக்கட்டையில் செதுக்க, அதிலிருந்துதான் அச்செடுப்பார்கள். அவர் பாடுபட்டு எடுத்த பெரிய படங்கள் சின்னஞ்சிறு மரச்செதுக்குகளாகச் சுருங்கி முகத்தின் நுட்பத்தை இழந்துவிட்டன. அவர் ஓய்ந்து உட்காரவில்லை. அசல் படங்களையே ஒட்டி, கவிதைப் பகுதிகளைத் தம் கையெழுத்திலேயே கல்லச்சில் அச்சிட்டு, பெரிய அளவில் சொந்தமாக நூல் வெளியிட்டார். 1874 கிறிஸ்துமஸையொட்டி முதல் தொகுதியும் 1875-இல் இரண்டாம் தொகுதியும் வந்தன. விலை ஆறு கினி. சாமானியர் தொட முடியாத தொகை.

முதல் தொகுதியைப் புரட்டினால் ஓர் உண்மை புலப்படும்: ஒரு படத்தில்கூடப் போர் இல்லை. குதிரைகள் மோதவில்லை, ஈட்டிகள் முறியவில்லை. ஒருதலைக் காதலில் உருகும் எலைன், கணவனின் சந்தேகத்தைப் பொறுக்கும் எனிட், காதலன் லான்சலாட்டைப் பிரியும் அரசி கினிவியர் என்று பெண்களே நிறைந்திருக்கிறார்கள். மாவீரர்கள் வெற்றி தேடிப் போனபோது வீட்டில் இருந்தவர்கள் என்ன விலை கொடுத்தார்கள் என்பதை டென்னிசன் எழுதியிருந்தார். அதைக் கண்ணெதிரே நிறுத்தியவர் ஜூலியா. வாளையும் கொடியையும் மட்டும் வரைந்த ஓவியர்களைவிட இவரே அந்தக் கதைகளின் உள்ளத்துக்கு அருகில் போனார் என்பது என் உறுதியான எண்ணம்.

நூல் செலவைக்கூட ஈடுகட்டவில்லை. 1875-இலேயே தம்பதியர் இலங்கைக்குப் புறப்பட்டார்கள். களுத்துறையில் வசித்தபோது ஜூலியா சுற்றுவட்டாரத்து மக்களையும் தோட்டத் தொழிலாளர்களையும் படமெடுத்தார். அவற்றில் முப்பதுக்கும் குறைவான படங்களே இன்று எஞ்சியுள்ளன. 1879 ஜனவரியில் மறைந்தார். பொகவந்தலாவை செயின்ட் மேரி தேவாலயத்தில் கணவரும் அவரும் அருகருகே அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார்கள்.

மன்னராக நிற்க ராஜவம்சம் தேவையில்லை, அந்தக் கண்ணியத்தைத் தாங்கும் முகம் போதும் என்பதை ஜூலியா நிரூபித்தார். சுமைதூக்கியை அரியணைக்கு உயர்த்திய அந்தப் பார்வைக்குத்தான் ஆர்தர் கதையை இன்றும் உயிரோடு காட்டும் வலிமை இருக்கிறது.

அடுத்த வாரம், லண்டன் இன்ஷூரன்ஸ் அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்த இருபது வயது இளைஞர் ஆப்ரி பியர்ட்ஸ்லி. 1892-இல் ஒரு பதிப்பாளர் அவரை நம்பி ஆர்தர் கதை முழுவதையும் ஒப்படைத்தார். அவர் கருப்பு மையால் அதைத் தலைகீழாகப் புரட்டிப்போட்டார்.

(தொடரும்)