ஈரல் மாற்றிய பின் யூரிக் அமிலம் கூடினால் சிறுநீரகத்தைப் பாருங்கள்

உலகின் முதலாவது ஈரல் மாற்றுச் சத்திரசிகிச்சையை 1963இல் அமெரிக்காவின் டென்வர் நகரில் தோமஸ் ஸ்டார்ஸ்ல் செய்தார். சிகிச்சை பெற்ற ஒருவர் ஒரு வருடத்துக்கு மேல் உயிர்வாழ 1967 வரை காத்திருக்க நேர்ந்தது. இன்று பத்து, இருபது வருடங்கள் வாழ்பவர்கள் பலர். இந்த நீண்ட வாழ்வில், புதிய ஈரலுடன் சிறுநீரகத்தையும் நாம் காக்க வேண்டியுள்ளது.

அமெரிக்காவில் 1990 முதல் 2000 வரை ஈரல், இதயம், நுரையீரல் போன்ற உறுப்புகள் மாற்றப்பட்ட 69,321 பேரைப் பற்றிய ஆய்வு 2003இல் வெளியானது. ஈரல் பெற்றவர்களில் ஏறத்தாழ 18 சதவீதமானோருக்கு ஐந்து வருடங்களுக்குள் நாட்பட்ட சிறுநீரகச் செயலிழப்பு ஏற்பட்டது. மாற்றப்பட்ட உறுப்பு எதுவானாலும், சிறுநீரகம் செயலிழந்தவர்களின் இறப்பு அபாயம் மற்றவர்களைவிட நான்கு மடங்குக்கும் அதிகமாக இருந்தது.

காரணம் என்ன?

உடல் புதிய ஈரலை நிராகரிக்காதிருக்கக் கொடுக்கப்படும் டக்ரோலிமஸ், சைக்ளோஸ்போரின் ஆகிய மருந்துகள் சிறுநீரகத்துக்குச் செல்லும் நுண்ணிய இரத்தக் குழாய்களைச் சுருக்குகின்றன. நீரிழிவும் உயர் இரத்த அழுத்தமும் சேர்ந்தால் பாதிப்பு கூடும்.

உடலில் உருவாகும் யூரிக் அமிலத்தில் மூன்றில் இரண்டு பங்கு சிறுநீரகம் வழியாகவே வெளியேறுகிறது. சிறுநீரகம் தளர்ந்தால் அது இரத்தத்தில் தேங்கும். பொதுவாக ஆண்களுக்கு 7, பெண்களுக்கு 6 மில்லிகிராமுக்கு மேற்பட்டால் அதிகம் என்பர். இது ஒரு டெசிலீற்றர் இரத்தத்துக்கான கணக்கு. பிரித்தானியா, கனடா, அவுஸ்திரேலியா அறிக்கைகளில் இதே அளவுகள் ஏறத்தாழ 420, 360 மைக்ரோமோல் என வரும். ஊர் அறிக்கையை இங்குள்ளதோடு ஒப்பிடும்போது அலகைப் பார்க்க மறக்கக்கூடாது.

இலக்கத்துக்கு மருந்து வேண்டாம்

யூரிக் அமிலத்தைக் குறைத்தால் சிறுநீரகம் காப்பாற்றப்படுமா? சிறுநீரக நோயாளிகளிடமும் முதலாம் வகை நீரிழிவு உள்ளவர்களிடமும் நடந்த இரண்டு பெரிய பரிசோதனைகளின் முடிவுகள் 2020இல் வெளியாகின. அலோபியூரினோல் யூரிக் அமிலத்தைக் குறைத்தது. சிறுநீரகத் தளர்ச்சியைத் தடுக்கவில்லை. அவர்கள் உறுப்பு மாற்றம் பெற்றவர்கள் அல்லர். ஆயினும், அறிகுறியே இல்லாதபோது இலக்கத்தை மட்டும் பார்த்து மாத்திரை தொடங்கக்கூடாது என்பதை இம்முடிவுகள் உணர்த்துகின்றன. யூரிக் அமில உயர்வைச் சிறுநீரகத்தைச் சோதிக்கச் சொல்லும் எச்சரிக்கையாகவே நாம் கொள்ளலாம்.

மூட்டு வீங்கி வலித்தால் அது கௌட் நோயாக இருக்கலாம். அப்போதும் சுயவைத்தியம் ஆபத்து. அசத்தியோப்பிரின் எடுப்பவர் அலோபியூரினோலைச் சேர்த்தால் எலும்பு மச்சை கடுமையாகப் பாதிக்கப்படலாம். சைக்ளோஸ்போரினுடன் கொல்சிசின் சேர்ந்தால் நச்சுத்தன்மை கூடும். ஐபுபுரோஃபென், டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகள் சிறுநீரகத்தை மேலும் தாக்கும். ஊரிலிருந்து வரும் மாத்திரைகளுக்கும் மூலிகை மருந்துகளுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்.

ஒவ்வொரு பரிசோதனையின்போதும் கிரியேட்டினின், சிறுநீரக வடிகட்டும் வேகம், சிறுநீரில் புரதம், டக்ரோலிமஸ் அளவு ஆகியவற்றைக் கேட்டுக் குறித்து வைப்போம். ஒரு நாள் இலக்கத்தைவிட மாதக்கணக்கில் அது நகரும் திசைதான் முக்கியம். சரிவு ஆரம்பத்திலேயே தெரிந்தால், மருந்தின் அளவைக் குறைக்கவோ மாற்றவோ வைத்தியருக்கு இடமிருக்கும். நாமாக மட்டும் அதை நிறுத்தக்கூடாது. நிறுத்தினால் ஈரலையே இழக்க நேரிடும்.